டயப்பர்லதான் கக்கா, அதுவும் அழுதுக்கிட்டே. ரெண்டே முக்கால் வயசுப் பையன், உதவி தேவை

நித்திலம் (கேள்வி):
பையன் எடை 13 கிலோ. நாலஞ்சு நாளைக்கு ஒருதரம்தான் கக்கா போறான். கெட்டியா, பெருசா வருது, சில நேரம் மேல கோடு மாதிரி ரத்தம். வர்ற மாதிரி இருந்தா கதவுக்குப் பின்னாடி ஓடிப்போய், காலைப் பின்னி, நுனிக்கால்ல நின்னு முகம் சிவக்க முக்குறான். ஒண்ணும் வராது. பாட்டி சீட்ல (கக்கா போக உட்கார வைக்கற குட்டி சீட்) உட்கார வெச்சா அலறல். பால் தினம் நாலு புட்டி (தலா 200 மில்லி). கக்கா வராத அன்னைக்கு ராத்திரி மட்டும் லாக்டுலோஸ் (மலத்தை இளக்கற சிரப்) 5 மில்லி. வெத்திலைக் காம்புல விளக்கெண்ணெய் தடவி வைக்கலாம்னு மாமியார் சொல்றாங்க. என்ன செய்யலாம்?

வேப்பம்பூ:
அவன் முக்கலைங்க, அடக்குறான். வெளியே தள்ளுற குழந்தை குந்தும், முன்னாடி வளையும். அடக்குற குழந்தைதான் விறைச்சு நிக்கும், காலைப் பின்னும், ஒளிஞ்சுக்கும். என்னைக்கோ ஒருதரம் வலிச்சிருக்கு, அதுலேர்ந்து பயம். அடக்க அடக்கப் பெருங்குடல் அதுல இருக்கற தண்ணியை உறிஞ்சிடும். அடுத்த தரம் இன்னும் கெட்டியா வந்து ஆசனவாய் ஓரம் கிழியும். நீங்க பாக்குற ரத்தக்கோடு பெரும்பாலும் அந்த வெடிப்புதான், ஆனாலும் டாக்டர் ஒருதரம் பாக்கணும்.

முதல் வேலை, பாட்டி சீட்டை ஓரமா வெச்சிடுங்க. டயப்பர் கேட்டா கொடுங்க. எங்கே போறான்ங்கறது இப்ப முக்கியமில்லை, வலிக்காம போகணும், அவ்வளவுதான்.

ரெண்டாவது மருந்து. 15 மில்லிக்கு 10 கிராம்னு போட்டிருக்கற லாக்டுலோஸ் சிரப்புல 5 மில்லின்னா 3.3 கிராம்தான். குழந்தைகளுக்கான வழிகாட்டுதல் கிலோவுக்கு தினம் 1 முதல் 2 கிராம். 13 கிலோவுக்கு உங்க அளவு ரொம்பக் குறைவு, அதுவும் வராத அன்னைக்கு மட்டும் கொடுத்தா பலனே இல்லை. அடுத்து வரப்போறதை இளக்கத்தான் தினம் கொடுக்கறது. லாக்டுலோஸ்ல வாயு சேர்ந்து வயிறு உப்பும். அதனால பாலிஎதிலின் கிளைக்கால் பவுடரைத்தான் இப்ப முதல் தேர்வா எழுதறாங்க. ஆரம்ப அளவு கிலோவுக்கு 0.4 கிராம், இவனுக்குச் சுமார் 5 கிராம். பெரியவங்களோட 17 கிராம் பாக்கெட்டைக் கண்ணால பார்த்துப் பிரிக்காதீங்க, சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கோங்க. உப்பு சேர்த்த வகையும் கடையில இருக்கு, உப்புக் கரிச்சா குழந்தை துப்பிடும். சேர்க்காததா எழுதித் தரச் சொல்லுங்க.

அடிவயித்துல இடப்பக்கம் கட்டியாத் தட்டுப்பட்டா, முதல்ல தேங்கினதை வெளியேத்தணும். அதே பவுடர்தான், கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம், 3 முதல் 6 நாள். டாக்டர் வயித்தைத் தொட்டுப் பார்த்துச் சொன்னாத்தான் இது. அப்புறம்தான் தினசரி அளவு.

வெத்திலைக் காம்பு, சோப்புத் துண்டு ரெண்டும் வேண்டாம். கிழிஞ்ச இடத்துல எதைச் சொருகினாலும் வலிக்கும், அவன் பயந்தது சரின்னு நாமளே நிரூபிச்ச மாதிரி ஆயிடும். குடிக்க விளக்கெண்ணெய் கொடுத்தா வயிறு முறுக்கும், அதுவும் வேண்டாம். அத்தைகிட்ட டாக்டர் வாயாலேயே சொல்ல வெச்சுடுங்க, வீட்டுல சண்டை மிச்சம்.

கருப்பட்டி:
சாப்பாட்டுப் பக்கம். 800 மில்லி பால் வயித்தை ரொப்பிடும், சோறும் காயும் இறங்க இடமில்லை. 400லேர்ந்து 500க்குள்ள கொண்டு வாங்க, புட்டியை விட்டு டம்ளருக்கு மாத்தினா தானாக் குறையும். நார்ச்சத்துக்கு வயசோட 5 கூட்டிக்கோங்க, இவனுக்குத் தினம் 7, 8 கிராம். 100 கிராம் கொய்யாவுலயே சுமார் 5 கிராம் இருக்கு. பேரிக்காய், உலர் பிளம்ஸ்ல சார்பிட்டால்ங்கற ஒருவகை இனிப்பு இருக்கறதால தண்ணியைக் குடலுக்கு இழுக்கும். உலர் திராட்சையை ஊறவெச்சு நறுக்கிக் கொடுங்க, முழுசாக் கொடுத்தா தொண்டையில சிக்கும். நல்லாப் பழுத்த வாழைப்பழத்துக்குப் பயப்பட வேண்டாம், காய்வெட்டா இருக்கறதைத் தவிருங்க. ரஸ்க்கும் மைதா பிஸ்கட்டும்தான் பசியைக் கெடுக்கற ஆசாமிகள்.

தேங்கினது வெளியே வராம இசப்கோல் (நார்ச்சத்து உமி) மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க. அது ஊறி உப்பும், அடைப்பு மேலதான் ஏறும்.

நித்திலம்:
டாக்டர் பார்த்துட்டு பவுடர் எழுதிட்டார். கொடுக்க ஆரம்பிச்சதும் ஜட்டியில தண்ணியாக் கறை, ஒரே நாள்ல பலதரம். பேதியா? நிறுத்திடட்டுமா?

வேப்பம்பூ:
நிறுத்த வேண்டாம், டாக்டருக்கு ஃபோன் போடுங்க. உள்ளே கட்டி அப்படியே இருக்க, இளகினது ஓரமா வழியுது. இங்கேதான் நிறையப் பேர் பேதின்னு நெனச்சு மருந்தை விட்டுடறாங்க, கட்டி உள்ளேயே தங்கிடும். நாள் கணக்கா விரிஞ்ச மலக்குடலுக்கு உணர்ச்சி மங்கிடும், வழியறது அவனுக்கே தெரியாது. திட்டாதீங்க. பெருசா ஒண்ணு வெளியேறி வயிறு தளர்ந்த பிறகும் தண்ணியாவே போனா அளவைக் குறைக்கச் சொல்வாங்க. காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்தா அது வேற விஷயம், உடனே காட்டுங்க.

பச்சையா வாந்தி, வயிறு கல்லா வீங்கறது, எடை ஏறாம இருக்கறது, கால் பலவீனம், இடுப்புக்குக் கீழே முதுகுல குழியோ முடிக்கற்றையோ, பிறந்து 48 மணி நேரத்துக்குள்ள முதல் மலம் போகாதது, இதுல எது இருந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும்.

நித்திலம்:
எத்தனை நாள் கொடுக்கணும்? பழகிடாதா?

வேப்பம்பூ:
இது குடலைப் பிடிச்சுத் தள்ளற மருந்தில்லை, மலத்துல தண்ணியைத் தக்கவெக்கும், அவ்வளவுதான். பழகாது. குறைஞ்சது 2 மாசம். தொந்தரவு முழுசாத் தீர்ந்து ஒரு மாசம் ஆன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும், சட்டுனு நிறுத்தக்கூடாது. டயப்பரை விட்டு ஒழுங்காப் பழகற வரைக்கும் மருந்து ஓடட்டும்.

தாழை:
பாட்டி சீட்டுக்குத் திரும்ப வர்றது மெதுவாத்தான். கொஞ்ச நாள் வலியில்லாம இளக்கமாப் போனதும், டயப்பரோட பாத்ரூமுக்குள்ள நின்னு போகட்டும். அப்புறம் டயப்பரோட சீட்ல உட்காரட்டும். அப்புறம் ஒட்டுப்பட்டையைத் தளர்த்தி விடுங்க. கடைசியா டயப்பரைச் சீட் மேல விரிச்சு வெச்சு, பிறகு எடுத்துடுங்க. எந்தப் படியில அழுதாலும் முந்தின படிக்குப் போயிடுங்க.

சாப்பிட்டதும் குடல் தானா அசையும். அதனால காலை, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின்னாடி 20, 30 நிமிஷத்துல, 3 முதல் 5 நிமிஷம் உட்கார்ந்தாப் போதும். கால் தொங்கக்கூடாது, முட்டி இடுப்பை விட உசரமா இருக்கணும். வெஸ்டர்ன்ல உட்கார்ந்தா காலடியில ஸ்டூல் போடுங்க, தரையில வைக்கற குட்டி சீட் இன்னும் நல்லது. "முக்கு முக்கு"ன்னு சொல்றதை விட்டுட்டு சோப்புக் குமிழி ஊதச் சொல்லுங்க, ஊதும்போது வயித்துல அழுத்தம் தானா வரும். ஸ்டிக்கர் உட்கார்ந்ததுக்கு, வந்ததுக்கு இல்லை. வந்ததுக்குன்னு வெச்சா வராத அன்னைக்கு அவன் தோத்த மாதிரி ஆயிடும். டயப்பர் மாத்தறப்ப "சீ, நாத்தம்" வேண்டாம், பெரியவங்களுக்கும் சேர்த்துச் சொல்லிடுங்க. ஃப்ளஷ் சத்தத்துக்குப் பயந்தா அவன் வெளியே போனதும் இழுங்க.

ப்ளே ஸ்கூல்ல டயப்பர் கூடாதுன்னு சொன்னா, சேர்க்கறதை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப் போடுங்க.