உளிக்கலப்பையை 35 எச்.பி. டிராக்டர் இழுக்குமா?

வணக்கம். செய்யாறு பக்கம் செம்மண் நிலம், மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறோம். இங்கே வாடகைக்கு வரும் டிராக்டர் எல்லாம் ரோட்டாவேட்டரோடுதான் (சுழல் கலப்பை) வருகிறது. மேல்மண் மாவாகிவிடுகிறது, ஆனால் அரை அடிக்குக் கீழே கடப்பாரை இறங்கவில்லை. மழை பெய்தால் தண்ணீர் அப்படியே நிற்கிறது. பிடுங்கிய செடியில் ஆணிவேர் பக்கவாட்டில் வளைந்து கிடக்கிறது.

அடியில் இறுகிக் கிடக்கும் இந்தக் கெட்டித் தட்டை உடைக்க உளிக்கலப்பைதான் சரி. ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி இடைவெளி, குறுக்கும் நெடுக்கும் என்று தெரியும். ஐந்து கொத்துக் கலப்பை அந்த ஆழத்துக்குப் போகாது.

எங்களிடம் இருப்பது 35 எச்.பி. டிராக்டர். ஒற்றை உளியை இழுக்குமா, முன்சக்கரம் தூக்குமா? ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், ஈரம் எவ்வளவு காய்ந்த பிறகு இறக்குகிறீர்கள்? வந்தவாசி, ஆரணி பக்கம் யாரிடமாவது வாடகைக்குக் கிடைத்தாலும் தெரிவியுங்கள்.