பாபநாசம் பெரிய வீடு: வளர்மதியின் எடை

செந்தில், காலை 6.40
மாமா, அம்மாவுக்கு விடியற்காலையில் உடல் வியர்த்துக் கைகால் நடுங்கியதாகப் பக்கத்து வீட்டில் இருந்து அழைத்துச் சொன்னார்கள். சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொடுத்த பிறகுதான் தெளிந்திருக்கிறார். நான் ஷார்ஜாவில் இருக்கிறேன். யாராவது உடனே போய்ப் பார்க்க முடியுமா?

முருகேசன், 6.43
நான் கிளம்பிவிட்டேன்.

வளர்மதி, 6.51
இப்போது நன்றாக இருக்கிறேன். யாரும் அலைய வேண்டாம்.

இராமநாதன், 6.53
நேற்று இரவு என்ன சாப்பிட்டாய், வளர்மதி?

வளர்மதி, 6.58
நான்கு நாட்களாக இரவில் எலுமிச்சைச் சாறு மட்டும்தான், அண்ணா. முட்டி வலி குறைய 6 கிலோ இறக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். கோமதி அனுப்பிய செய்தியில் 7 நாளில் 7 கிலோ குறையும் என்று போட்டிருந்தது.

கோமதி, 7.02
எனக்கு வந்ததைத்தான் அனுப்பினேன், அண்ணி. சர்க்கரை மாத்திரை போடுபவர் செய்யலாமா என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

இராமநாதன், 7.20
கோமதியை யாரும் குறை சொல்ல வேண்டாம். அந்தக் கணக்கை மட்டும் பார்ப்போம். உடலில் ஒரு கிலோ கொழுப்பு கரைவதற்கு ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். வளர்மதிக்கு வயது 56, எடை 74 கிலோ, உயரம் 155 செ.மீ. மிஃப்ளின் வாய்பாட்டின்படி, அசையாமல் படுத்திருந்தாலே அவள் உடல் நாளொன்றுக்குச் சுமார் 1,270 கலோரி செலவழிக்கும். வீட்டு வேலையையும் சேர்த்தால் 1,775 அளவுக்கு வரும். அப்படியானால் ஏழு நாட்கள் பச்சைத் தண்ணீர் மட்டுமே குடித்தாலும் 12,500 கலோரியைத் தாண்டாது. அது ஒன்றரை கிலோ கொழுப்புக்குச் சற்றே மேல். முதல் வாரத்தில் தராசு அதற்கும் கூடுதலாக இறங்கினால், இறங்கியது பெரும்பாலும் தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து தீரும்போது, அதோடு பிணைந்திருந்த நீரும் வெளியேறுகிறது. மறுபடி சோறு சாப்பிட்டதும் அது திரும்பிவிடும்.

முருகேசன், 7.31
அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். சர்க்கரை 118 காட்டுகிறது, இரண்டு இட்லி சாப்பிட்டார்.

இராமநாதன், 7.34
அவள் போடும் மாத்திரையின் பெயர் என்ன?

முருகேசன், 7.36
மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்தது.

இராமநாதன், 7.48
நான் பயந்தது இதைத்தான். கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும். உணவைக் குறைத்துவிட்டு மாத்திரையை மட்டும் பழைய அளவில் போட்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே உணவு குறையும் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லி, மாத்திரையின் அளவை அவர் முடிவு செய்த பிறகே எதையும் தொடங்க வேண்டும்.

வளர்மதி, 7.55
செந்தில் கல்யாணத்தில் முருகேசன் என் இலையைப் பார்த்துச் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. சீக்கிரம் குறைத்துக் காட்ட வேண்டும் என்றுதான் இதைச் செய்தேன்.

முருகேசன், 7.57
அது தப்பு, அக்கா. பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

செந்தில், 8.05
மாமா, அம்மா எவ்வளவுதான் சாப்பிட வேண்டும்?

இராமநாதன், 8.26
நாளொன்றுக்கு 400 கலோரி குறைந்தால் போதும், அதாவது 1,375 அளவில் நிற்கலாம். மேற்பார்வை இல்லாமல் 1,200க்குக் கீழே போகவே கூடாது. அந்த 400ஐ எந்த வேளையையும் விடாமல் எடுக்க முடியும். உங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மாதம் 4 லிட்டர் எண்ணெய் ஆகிறது என்று வளர்மதியே சொல்லியிருக்கிறாள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 44 மில்லி, கிராமுக்கு 9 கலோரி வீதம் கிட்டத்தட்ட 370 கலோரி. அதை 2 லிட்டராக்கினால் 185 குறைகிறது. மாலையில் எடுக்கும் இரண்டு கைப்பிடி மிக்சரில் ஒன்றை விட்டால் 125 போல் குறையும். மதியம் ஒரு கரண்டி சோறு, 75 கிராம் குறைத்தால் இன்னொரு 100. அந்த இடத்தில் கீரையும் பருப்பும் கூடட்டும், ஏனென்றால் புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும், தசை கரைந்தால் முட்டிக்குத் தாங்கல் இராது.

கோமதி, 8.31
அத்தான், வடையை முழுதாக நிறுத்த வேண்டுமா? அமாவாசைக்கு என்ன செய்வது?

இராமநாதன், 8.33
அமாவாசைக்கு ஒரு வடை சாப்பிடலாம். கணக்கு மாதத்துக்குத்தான்.

செந்தில், 8.36
6 கிலோ குறைய எத்தனை நாளாகும், மாமா?

இராமநாதன், 8.44
தாளில் போட்டால் வாரம் 350 கிராம் வீதம் நான்கு மாதம். ஆனால் எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைவதால், ஆறு மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு 9 கிலோ குறைய ஓராண்டு பிடித்தது; இரண்டு முறை ஒரு மாதம் முழுக்கத் தராசு அசையவே இல்லை, அப்போது உங்கள் அண்ணிதான் என்னை விடாமல் பிடித்திருந்தாள். வாரம் ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றில் மட்டும் எடை பார், வளர்மதி.

செந்தில், 8.47
தராசு நான் அனுப்புகிறேன்.

கோமதி, 8.48
எங்கள் வீட்டில் ஒன்று சும்மாதான் கிடக்கிறது.

முருகேசன், 8.52
வெள்ளிக்கிழமை மருத்துவரிடம் நான் கூட்டிப்போகிறேன்.

இராமநாதன், 8.53
வெள்ளி வரை காத்திருக்கக் கூடாது. இன்றே தொலைபேசியில் அழைத்து, இன்றைய மாத்திரையைப் போடலாமா என்று கேள்.

வளர்மதி, 9.10
வெள்ளிக்கிழமை பிரதோஷம். வியாழக்கிழமை போகலாமா?

முருகேசன், 9.12
வியாழக்கிழமை வண்டி பட்டறையில் இருக்கும், அக்கா. முதலில் மருத்துவமனைக்கு அழைக்கிறேன்.