அம்மாவுக்கு அடி (கர்ப்பப்பை) இறங்கியிருக்கு, எட்டு வருஷமா மறைச்சிருக்காங்க. ஆபரேஷன் பண்ணியே ஆகணுமா?

கேட்டவர்: கோட்டையூர்ப் பொண்ணு

வீட்ல ஆம்பளைங்க முன்னாடி இதைப் பேச முடியல, அதான் இங்க வந்தேன். அம்மாவுக்கு 58 வயசு. மூணு பிள்ளை, மூணும் சுகப்பிரசவம். கடைசியா பொறந்த நான் நாலு கிலோவாம். கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் போடுறதுதான் எங்க பிழைப்பு. முகூர்த்த மாசம்னா விடியக்காலை நாலு மணிக்கு அடுப்புப் பத்த வைக்கணும். மணகோலம், தேன்குழல், அதிரசம்னு நாள் முழுக்கக் குந்தியே இருப்பாங்க. 15 கிலோ எண்ணெய் டின்னையும் அவங்களேதான் தூக்குவாங்க.

போன வாரம் கொல்லைக் கொடியில ஒரு துணி காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அப்பாவோட பழைய வேட்டியை நாலா மடிச்சு ரெண்டு பக்கமும் நாடா தச்சிருக்காங்க. தீட்டு நின்னு ஏழு வருஷமாச்சே, இது எதுக்கும்மான்னு கேட்டேன். பேசவே இல்ல. ராத்திரி சட்டி கழுவும்போது மெதுவா, "அடி இறங்கிருச்சுடி"ன்னாங்க.

காலையில ஒண்ணும் தெரியாதாம். பொழுது சாயச் சாய எலுமிச்சம்பழம் கணக்கா வெளிய வந்து நிக்குமாம், படுத்தா உள்ள போயிருமாம். விரலால மேல தள்ளிவிட்டாத்தான் ஒண்ணுக்கே போகுமாம். துணி உரசிப் புண்ணாகி ரெண்டு தடவை ரத்தக் கறையும் பட்டிருக்கு.

ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அரை நிமிஷம் பார்த்துட்டு, "கர்ப்பப்பையை எடுத்துரலாம், வியாழக்கிழமை வெறும் வயித்தோட வாங்க"ன்னுட்டாங்க. அம்மா பயந்துபோய் இனிமே ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேங்குறாங்க. பக்கத்து வீட்டு அக்கா தலைகீழா ஆசனம் போட்டா ஏறிக்கும்னு சொல்றாங்க. ஆபரேஷன் இல்லாம வழி இருக்கா? எடுத்தா அதுக்கப்புறம் அடுப்பு வேலை பார்க்க முடியுமா?

பதில் 1: தேவகோட்டை ஆச்சி

ஆத்தா, எனக்கு 66 வயசு. உங்க அம்மா கட்டின துணியை நானும் கட்டியிருக்கேன், அஞ்சு வருஷம். என் மருமகளுக்குத் தெரியாம ராத்திரியில துவைச்சுக் காயப்போடுவேன். அதனால சொல்றேன், அம்மாவை "ஏன் மறைச்சே"ன்னு மட்டும் கேட்டுறாத.

முதல்ல அந்த ரத்தம். உரசின புண்ணாத்தான் இருக்கும்னு நீயா முடிவு பண்ணாத. தீட்டு நின்னவங்களுக்கு ரத்தம் பட்டா கர்ப்பப்பை வாயையும் உள்பக்கத்தையும் பார்க்கணும், ஸ்கேனும் எடுக்கணும். எனக்கும் புண்ணு இருந்துச்சு. மஞ்சள் கலர்ல இருக்கிற ஒரு மருந்துல நனைச்ச துணியை உள்ள வச்சு ஆத்தினாங்க, கூடவே ஈஸ்ட்ரோஜன் களிம்பும் குடுத்தாங்க. புண்ணு ஆறாம அடுத்த வேலை எதுவும் கிடையாதுன்னு டாக்டரம்மா கறாராச் சொல்லிட்டாங்க.

இது என்னன்னா, கயித்துக்கட்டில் தொஞ்சுபோற கதைதான். கீழ தாங்குற சதையும் நாரும் பிரசவத்துல இழுபட்டுப் போகுது. தீட்டு நின்னதும் இன்னும் தளருது. அதுக்கு மேல இருமலும் மலச்சிக்கலும் எண்ணெய் டின்னும் சேர்ந்தா கேக்கணுமா? முன்னாடி மூத்திரப்பை, நடுவுல கர்ப்பப்பை, பின்னாடி மலக்குடல், இதுல எது இறங்கியிருக்குன்னு பார்த்தாகணும். அம்மா தள்ளிவிட்டுத்தான் ஒண்ணுக்குப் போறாங்கன்னா மூத்திரப்பையும் சேர்ந்து இறங்கியிருக்குன்னு தோணுது. முக்கச் சொல்லி, இருமச் சொல்லிப் பார்க்காம அரை நிமிஷத்துல என்ன தெரியும்? எத்தனாவது கட்டம்னு கேளு. மொத்தம் நாலு கட்டம். வெளிய வந்து நிக்கிறதைப் பார்த்தா அம்மாவுக்கு மூணாவதா இருக்கலாம்.

நான் உடனே கத்திக்குப் போகல. இறங்கினதைத் தாங்கிப் பிடிக்கிறதுக்கு உள்ள ஒரு வளையம் வச்சாங்க. புறநோயாளிப் பிரிவுலயே வச்சு அனுப்பிட்டாங்க, மயக்க மருந்தெல்லாம் இல்ல. முத வளையம் ரெண்டாம் நாளே கக்கூஸ்ல முக்கும்போது விழுந்துருச்சு! அளவு பத்தலையாம். அடுத்த அளவு சரியா உக்காந்துச்சு. மூணு மாசத்துக்கு ஒருக்கா போய்க் கழட்டிக் கழுவிப் போட்டுக்கிட்டு வருவேன். மூணு வருஷம் அப்படியே ஓடுச்சு. பேத்தி காதுகுத்துக்குப் பந்தியில நின்னு பரிமாறினேன்னா பார்த்துக்க. அப்புறம் அலைய முடியாமத்தான் ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டேன்.

வயித்தைக் கிழிக்கல. முதுகுல ஊசி போட்டுக் கீழ் வழியாவே செஞ்சாங்க. மூணு மாசம் குடம் தூக்கக் கூடாதுன்னாங்க, தூக்கல. இப்ப எல்லா வேலையும் பார்க்கிறேன், கனம் மட்டும் தொடுறதில்ல.

பதில் 2: புதுவயல் மருமக

பயமுறுத்துறதுக்காகச் சொல்லல. எங்க அத்தைக்குக் கர்ப்பப்பையை எடுத்து நாலே வருஷத்துல மறுபடி இறங்கிருச்சு. எடுத்துட்டா இறங்குறதுக்கு என்னடி இருக்குன்னு அவங்களே கேட்டாங்க.

பதில் 3: பிசியோ அக்கா

காரைக்குடியில பிசியோதெரபிஸ்டா இருக்கேன். புதுவயல் அத்தை கேட்டது நியாயமான கேள்வி. கர்ப்பப்பை போனாலும் அது தொங்கிக்கிட்டிருந்த கூரையும் முன்பின் சுவரும் அங்கேயேதானே இருக்கு. அதையெல்லாம் நல்லா இழுத்துத் தைக்காம பையை மட்டும் எடுத்தா மறுபடி இறங்கும். நல்லாத் தைச்சும் சிலருக்கு இறங்குறது உண்டு. அதனால "எடுக்கணும்"னு சொல்ற டாக்டர்கிட்ட "தாங்குறதுக்கு எதுல தைப்பீங்க? பையை எடுக்காமத் தூக்கிக் கட்ட முடியாதா?"ன்னு கேளுங்க. தாங்குறதுக்குச் செயற்கை வலை வைப்போம்னு சொன்னா எந்த வழியா வைப்பாங்கன்னும் கேளுங்க. இறக்கத்துக்குக் கீழ் வழியா வைக்கிற வலையோட விற்பனையை 2019 ஏப்ரல்ல அமெரிக்க அரசு நிறுத்திருச்சு.

தலைகீழ் ஆசனம் வேண்டவே வேண்டாம். 58 வயசுல கழுத்துப் பிடிச்சுக்கிட்டா அதுக்கு வேற என்கிட்ட வரணும்.

பயிற்சி பண்ணா வெளிய வந்தது உள்ள ஏறிடாது, அதை முதல்லயே சொல்லிடுறேன். முதல் ரெண்டு கட்டத்துல நல்ல பலன் இருக்கும். அம்மா மாதிரி நிலையில வளையத்துக்கும் ஆபரேஷனுக்கும் கூடத் துணையா இருக்கும். 1948ல கீகல்னு ஒரு அமெரிக்க டாக்டர் எழுதி வச்ச பயிற்சி இது. காத்துப் பிரியுறதையும் ஒண்ணுக்கையும் ஒரே நேரத்துல அடக்குற மாதிரி கீழ்ச் சதையை உள்ள இழுக்கணும். மூச்சைப் பிடிக்கக் கூடாது, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கக் கூடாது. மூணு விநாடியில ஆரம்பிச்சுப் பத்து வரைக்கும் கொண்டு போகலாம். ஒரு தடவைக்குப் பத்து, ஒரு நாளைக்கு மூணு தடவை. மூணு நாலு மாசம் விடாமச் செஞ்சாத்தான் வித்தியாசம் தெரியும். ஒண்ணுக்குப் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகக் கூடாது.

அடுப்பைத் தரையிலிருந்து மேடைக்கு மாத்துங்க. எண்ணெயை அஞ்சு லிட்டர் கேன்ல வாங்குங்க. என்னைக்காவது ஒண்ணுக்கே வராம அடைச்சுக்கிட்டா மறுநாள் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.

கேட்டவர்: கோட்டையூர்ப் பொண்ணு

எல்லாருக்கும் நன்றி. ஆச்சி எழுதினதை அம்மாவுக்கு ரெண்டு தடவை படிச்சுக் காட்டினேன். வளையம் கக்கூஸ்ல விழுந்த இடத்துல சிரிச்சுட்டாங்க, அதுக்கப்புறம்தான் கிளம்பவே சம்மதிச்சாங்க. இந்தத் தடவை அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா முக்கச் சொல்லி, இருமச் சொல்லிப் பார்த்தாங்க. மூணாவது கட்டம், மூத்திரப்பையும் இறங்கியிருக்கு. கர்ப்பப்பை வாயில பஞ்சு வச்சு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்காங்க, ஸ்கேனும் ஆச்சு. மஞ்சள் மருந்து பத்து நாளைக்கு. புண்ணு ஆறினதும் வளையம் வச்சுப் பார்த்துட்டு, ஆபரேஷனைப் பத்தித் தை முகூர்த்தம் முடிஞ்சு பேசலாம்னாங்க. காப்பீட்டு அட்டையை எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க.

எண்ணெய் டின்னை இப்ப நான்தான் தூக்குறேன். அதுக்கும் அம்மா திட்டுறாங்க, "நீயும் ரெண்டு பெத்தவதானடி, அண்ணனைக் கூப்பிடு"ன்னு.