ஆஸ்பத்திரி வாட்டில் சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுப்பது) நடந்ததைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பசறை மகள்:
அப்பாவை நெஞ்சுவலி என்று தோட்டத்து லொறியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். விடியப்புறம் அவர் வாய் திறந்து திறந்து மூடியது, தொண்டையில் குறட்டை போல ஒரு சத்தம், நடுவில் நீண்ட இடைவெளி. ஓடிவந்த மிஸ்ஸி (தாதி), "மூச்சு இருக்கு, பயப்படாதீங்க" என்று பிரஷர் மெஷின் எடுக்கப் போனார். பக்கத்துக் கட்டிலில் நின்ற இன்னொரு மிஸ்ஸி திரும்பிப் பார்த்தார். தலையணையை உருவி எறிந்தார். கழுத்தில் விரல் வைத்தார். "அது மூச்சில்ல, பலகை கொண்டு வா" என்று கத்திக்கொண்டே கட்டிலில் ஏறி முழங்காலிட்டு அழுத்தத் தொடங்கினார். அப்பா பிழைக்கவில்லை. ஆனால் அந்தத் தலையணை பறந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இருவருக்கும் ஒரே சீருடை. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கு எப்படித் தெரியாமல் போனது?

கொட்டகலைத் தாதி:
தங்கச்சி, மனசு கனக்கிறது. இருந்தாலும் முதல் மிஸ்ஸியை அப்படிச் சொல்லாதீங்க. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் அந்த இழுப்பு பலருக்கு வரும். இதற்கு முன் அதை நேரில் பார்க்காதவர் மூச்சு என்றே நினைப்பார். கல்லூரியில் பொம்மையில் பழகியதைத் திரும்பச் செய்யாவிட்டால் சில மாதத்திலேயே கை மறந்துவிடும். எங்கள் வாட்டில் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவருக்கு ஜூனியர் பிள்ளை உயிரைக் கொடுத்து அழுத்தினாள். இறங்கியது மெத்தைதான். முதுகுக்குக் கீழே பலகை வைத்த பிறகே தொடையில் நாடி தட்டியது.

நுவரெலியா அண்ணன்:
பலகை பலகை என்கிறீர்கள், அதைத் தேடி அழுத்தத்தை நிறுத்தவே கூடாது. நான் முதலுதவி பழக்குகிறவன். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் விழுந்தவருக்கு எல்லாரும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்க, பஸ்ஸால் இறங்கிய தாதி ஒருவர் பையைப் போட்டுவிட்டு அழுத்தினார். அவ்வளவுதான் என் கதை. ஆனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பெரியவருக்கு 5 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விடுங்கள், சாய்ந்து நிற்காதீர்கள். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், களைத்த கை ஆழம் போகாது. தாதியர் நாடி பார்ப்பது 10 வினாடிக்கு மேல் போகக் கூடாது. வீட்டில் என்றால் நாடியே தேட வேண்டாம். ஆள் அசையவில்லை, மூச்சு ஒழுங்காக இல்லை என்றால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்துவிட்டுத் தொடங்குங்கள். மலைப்பாதையில் அம்புலன்ஸ் ஏறி வரும்வரை கையை எடுக்காதீர்கள்.

பசறை மகள்:
அண்ணா, பலகைக்காக அங்கே யாரும் காத்திருக்கவில்லை. அது வரும் முன்னரே அவர் கட்டிலில் ஏறிவிட்டார். மேலே எழுதியதைச் சரியாகப் படியுங்கள். அக்கா, உங்கள் வாட்டில் இதைத் திரும்பப் பழக்குகிறார்களா?

கொட்டகலைத் தாதி:
மயக்கமருந்து டாக்டர் ஒருவர் இருந்தவரை பழக்கினார். அவர் மாற்றலாகிப் போனதும் நின்றுவிட்டது. பொம்மை அலுமாரியில் இருக்கிறது, சாவி ஆபீசில். அடுத்த டியூட்டியில் கேட்டு எடுக்கப் போகிறேன்.