இன்ஃபோவெயிலன்ஸ்: ‘நோய்ப்பேச்சளவை’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

சமூக ஊடகப் பதிவுகளைத் திரட்டி ஆராய்ந்து நோய்த்தடுப்புக்குப் பயன்படுத்தும் பணியை ஆங்கிலத்தில் ‘இன்ஃபோவெயிலன்ஸ்’ (infoveillance) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக முந்தைய மடலில் முன்வைக்கப்பட்ட ‘சமூக ஊடகக் கண்காணிப்பு’ என்னும் தொடரை என்னால் ஏற்க இயலவில்லை. ‘நோய்க் கண்காணிப்பு’ என்னும்போது கண்காணிக்கப்படுவது நோய். இத்தொடரிலோ பதிவு எழுதும் மனிதர்களே கண்காணிப்புக்கு உள்ளாகிறார்கள். தமக்குக் காய்ச்சல் என்று எழுதியவரை ஐயத்துக்குரியவராக்கும் சொல்லைப் பொதுச் சுகாதாரத் துறைக்கு நாம் தரக் கூடாது.

உண்மையில் இப்பணியில் ஆராயப்படுவது பேச்சுதான். ‘மூன்று நாளாகக் காய்ச்சல், வாசனையே தெரியவில்லை’, ‘தேர்தல் காய்ச்சல் தொடங்கிவிட்டது’, ‘எங்கும் காய்ச்சலாமே, உண்மையா?’ ஆகிய மூன்று பதிவுகளும் சொல்லை மட்டும் எண்ணும் கருவிக்கு ஒன்றே. முதலாவது நோய்க்குறி, இரண்டாவது உருவகம், மூன்றாவது அச்சம். இவற்றுள் தள்ள வேண்டியது இரண்டாவதை மட்டுமே. நோயையோ தடுப்பூசியையோ பற்றி எத்தகைய அச்சம் பரவுகிறது என்று அறிந்தால்தான் அதற்கு உரிய விடையை உரிய நேரத்தில் சொல்ல முடியும் என்பதால், மூன்றாவதும் தடுப்புப் பணிக்கு இன்றியமையாதது.

ஆகவே ‘நோய்ப்பேச்சளவை’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன். நில அளவை என்பதில் உள்ள அளத்தல் பொருள் இதிலும் உண்டு. தருக்க நூல்களில் ‘அளவை’ என்பது அறிவைப் பெறும் வழியையும் குறிக்கும். பேச்சின் ஏற்ற இறக்கத்திலிருந்து நோயின் போக்கைக் கருதி அறிவது அங்கே சொல்லப்படும் கருதலளவையே என்பது எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம்.

ஒரு குறை உண்டு. ஆய்வாளர் குந்தர் ஐசன்பாக் 2009இல் விளக்கிய ‘இன்ஃபோவெயிலன்ஸ்’ இணையத் தேடல்களையும் உள்ளடக்கியது, தேடல் பேச்சாகாது. அதற்குத் ‘தேடலளவை’ என்று தனிச்சொல் வைப்பதே நல்லது. இணையத் தேடல்களைக் கொண்டு ஃபுளூ பரவலைக் கணிக்க 2008இல் தொடங்கப்பட்ட கூகுள் ஃபுளூ டிரெண்ட்ஸ், 2012-13 குளிர்காலத்தில் அமெரிக்க ஃபுளூ பாதிப்பை, அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக மதிப்பிட்டது. செய்தி கண்டு அஞ்சி, நோயில்லாதவர்களும் தேடியது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. தேடியவர் நோயாளியா, அஞ்சியவரா என்பதை அவர் தட்டிய ஓரிரு சொற்கள் காட்டுவதில்லை. பதிவு பெரும்பாலும் காட்டிவிடும்.

‘நோய்ப்பேச்சு’ என்பதை வசைமொழியாக எவரேனும் கொள்ளக்கூடுமா என்பதை மட்டும், மருத்துவத் துறையில் உள்ள நண்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.