பூலியா சாலையில் கூடவே வந்த வெளிச்சம், என்ன அது?

செம்மண்பயணி:
போன ஜூலையில் நானும் கணவரும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் விண்டனிலிருந்து பூலியாவுக்குக் காரில் போனோம். சுமார் 360 கிலோமீட்டர், நடுவில் மிடில்டன் என்று ஒரு ஹோட்டல், அதை விட்டால் வெறும் புல்வெளிதான். டயர் பஞ்சராகி நேரமாகிவிட்டதால் இருட்டிலும் ஓட்ட வேண்டியதாகிவிட்டது. எட்டு மணிவாக்கில் இடதுபக்கம் தரைக்குக் கொஞ்சம் மேலே வெள்ளையாக ஒரு வெளிச்சம். ஏதோ பண்ணை வீட்டு விளக்கு என்று விட்டுவிட்டோம், ஆனால் நாங்கள் போகப் போக அதுவும் வருகிறது, காரை நிறுத்தினால் அதுவும் நிற்கிறது, அப்புறம் இரண்டாகப் பிரிந்து, ஆடி, மறுபடி ஒன்றாகி, மஞ்சளாகி, சட்டென்று அணைந்துவிட்டது. மொத்தம் கால் மணி நேரம் இருக்கும். பூலியா பக்கம் 'அடுத்த 120 கிலோமீட்டர் மின் மின் வெளிச்சத்தின் பூமி' என்கிற மாதிரி ஒரு பலகை வேறு வைத்திருக்கிறார்கள். மின்மினிப் பூச்சியா என்றால் நிச்சயம் இல்லை. கணவர் கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொல்லிச் சிரிக்கிறார், அன்றைக்கு அவர் முகத்தில் சிரிப்பே இல்லை என்பது வேறு விஷயம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையலாரி:
முதலில் திட்டிவிடுகிறேன், கோபிக்காதே தங்கச்சி. அந்தச் சாலையில் இரவில் ஓட்டாதே. வேலி இல்லாத இடத்தில் மாடு படுத்திருக்கும், கங்காரு குறுக்கே பாயும், எதிரே 50 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ரோடு டிரெயின் (பல டிரெய்லர்களைக் கோத்து இழுக்கும் லாரி) வரும். நீ பார்த்த வெளிச்சத்தைத்தான் அங்கே மின் மின் என்பார்கள், அது உன்னை ஒன்றும் செய்யாது, மாடு செய்யும்.

பேர் விஷயம்: பூலியாவுக்கும் விண்டனுக்கும் நடுவில் முன்பு மின் மின் ஹோட்டல் என்று ஒன்று இருந்தது. அது எரிந்துபோன பிறகு, அதன் பின்னால் இருந்த இடுகாட்டிலிருந்து ஒரு வெளிச்சம் எழும்பிப் பூலியா வரைக்கும் தன்னைத் துரத்தியதாக ஒரு மாட்டுக்காரர் சொன்னார் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. பூலியாவில் இதற்கென்றே ஒரு காட்சியகமும் இருக்கிறது.

ஒளிக்கோடு:
பகலில் தார்ச்சாலையில் கானல் நீர் பார்த்திருப்பீர்கள், இது ஏறக்குறைய அதன் தலைகீழ். வறண்ட பிரதேசத்தில் தெளிவான குளிர்கால இரவில் தரை வேகமாகக் குளிர்ந்துவிடும், தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று, அதற்கு மேல் சூடான காற்று என்று அடுக்காக நிற்கும். தொலைவில் ஒரு காரின் விளக்கு எரிந்தால் அந்த ஒளி மேலே தப்பிப் போகாமல் கீழே வளைந்து, பூமியின் வளைவோடு சேர்ந்தே ஓடி வரும், அதனால் தொடுவானத்துக்கு அப்பால் இருக்கும் விளக்குகூடக் கண்ணுக்குத் தெரியும். ஃபாட்டா மோர்கானா என்பார்கள். காற்றடுக்கு அசைந்தால் பிம்பம் ஆடும், பிரியும், சேரும். அடுக்கு குலைந்தால் அணைந்துவிடும். நீங்கள் பார்த்தது அப்படியே பொருந்துகிறது.

ஜாக் பெட்டிகுரூ என்ற குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழக நரம்பியல் விஞ்ஞானி (ஆந்தைகளின் பார்வையை ஆராய்ந்தவர்) 2003இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அவரே பூலியா இருக்கும் சேனல் கன்ட்ரி என்ற பகுதியில் இந்த வெளிச்சத்தைப் பார்த்துக் குழம்பியவர்தான். பிறகு ஓர் இரவு சாட்சிகளை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, 10 கிலோமீட்டர் தள்ளி, நேராகப் பார்த்தால் தெரியாத இடத்தில் காரின் முன்விளக்கைப் போட்டு, அவர்கள் கண்முன்னே மின் மின்னை வரவழைத்துக் காட்டினார்.

கூடவே வந்ததற்குப் பெரிய மர்மம் வேண்டாம். நிலாவும் காரோடு வரும், நின்றால் நிற்கும். அளவெடுக்க மரமோ வீடோ இல்லாத வெளியில், 50 கிலோமீட்டர் தள்ளி இருப்பதை 200 மீட்டர் என்று கண் முடிவு செய்துவிடுகிறது.

செம்மண்பயணி:
அண்ணா, திட்டு சரிதான், வாங்கிக்கொள்கிறேன். ஒளிக்கோடு, அது மறைந்து அரை மணிக்கு மேல் ஆன பிறகு எதிரே ஒரு ரோடு டிரெயின் வந்தது! ஆனால் வெளிச்சம் தெரிந்தது இடதுபக்கம், நேர் எதிரே இல்லையே?

ஒளிக்கோடு:
சாலை முழுக்க நேர்க்கோடு இல்லையே, தொலைவில் அது இடதுபக்கம் திரும்பியிருந்தால் லாரியும் அந்தப் பக்கம்தான் தெரிந்திருக்கும். அந்த லாரிதான் என்று அடித்துச் சொல்லமாட்டேன். அடுத்த முறை பார்த்தால் எஞ்சினை நிறுத்தி, ஃபோனில் திசைகாட்டியைத் திறந்து அது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு கிலோமீட்டர் போய் மறுபடி குறியுங்கள். கோணம் மாறவே இல்லையென்றால் அது பக்கத்தில் இல்லை.

நட்சத்திரமேய்ப்பன்:
எல்லாவற்றையும் காரின் தலையில் கட்டாதீர்கள். கார் வருவதற்கு முன்பே இந்த வெளிச்சங்களைப் பற்றிப் பூர்வகுடி மக்கள் பேசிவந்ததாகச் சொல்கிறார்கள், அப்போது யார் ஹெட்லைட் போட்டது? நான் ஒரு பண்ணையில் வேலை பார்த்தபோது கூட இருந்த பெரியவர், வெளிச்சம் மாட்டு மந்தைக்கு இந்தப் பக்கமே வந்தது என்றார். பொய் பேசுகிற ஆள் இல்லை.

ஒளிக்கோடு:
காருக்கு முன்பும் தீ மூட்டினார்கள், தொடுவானத்தை ஒட்டி வெள்ளிக் கோளும் மின்னியது, ஒளி வளைவதற்கு அது போதும். மந்தைக்கு இந்தப் பக்கம் வந்தது என்றால் அதற்குக் கானல் கணக்கு உதவாது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

பழையலாரி:
நானும் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் லாரியை விட்டு இறங்கவில்லை. தங்கச்சி, திசைகாட்டியெல்லாம் சாலையில் நின்று பார், வெளிச்சத்தைத் தேடிப் புல்லுக்குள் நடந்துவிடாதே.