1943 வில்லிஸ் எம்பி ஜீப்: போர்க்காலப் பாகங்களோடு மீட்க எங்கிருந்து தொடங்குவது?

துரு_சேஸிஸ் கேட்டது:

வில்லிஸ் எம்பி ஒன்று பாதி கழற்றிய நிலையில் இருக்கிறது. சேஸிஸின் முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாய். டேஷ்போர்டுத் தகட்டில் 1943 என்று டெலிவரித் தேதி. ஆனால் கிரில்லில் 7 துளை, பின்னால் திறக்கும் கதவு, கியர்பாக்ஸ் டி-90, வயரிங் 12 வோல்ட். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவர வேண்டும். பாகங்கள் வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

---

மரைச்சாவி:

டேஷ்போர்டுத் தகட்டை நம்பி எதையும் வாங்காதீர்கள். அது நான்கு ஸ்க்ரூவில் இடம் மாறும் பொருள். சேஸிஸ் எண்தான் சாட்சி. எம்பியில் இடது சட்டத்தின் உட்புறம், முன் பம்பருக்குச் சற்றுப் பின்னால் ஒரு சிறு தகட்டில் எண் இருக்கும். ஃபோர்டு தயாரித்த ஜிபிடபிள்யூவில் தகடு கிடையாது, எண்ணைச் சட்டத்தின் மேலேயே அடித்திருப்பார்கள். முன் குறுக்குச் சட்டமும் குழாயாக இருக்காது, கவிழ்த்த தொட்டி வடிவில் இருக்கும். உங்களுடையது குழாய் என்பதால் சேஸிஸ் வில்லிஸ்தான்.

பாடி அப்படியில்லை. போர்க்கால ஜீப்பின் அச்சடித்த கிரில்லில் 9 துளை (1942 தொடக்கம் வரை கம்பிப் பட்டைகளை வெல்டிங் செய்த கிரில் வந்தது). 7 துளையும் பின்கதவும் 1945இல் பொதுமக்களுக்காக வந்த சிஜே-2ஏ ஜீப்பின் அடையாளம். பெட்ரோல் ஊற்றும் வாய் எங்கே என்று பாருங்கள். எம்பியில் அது டிரைவர் சீட்டுக்கு அடியில். பக்கவாட்டில் இருந்தால் மொத்த பாடியும் சிஜே பாடி. அதை வெட்டி ஒட்டி எம்பியாக்குவது வீண் உழைப்பு, வேறு பாடி தேடுங்கள்.

இன்னொன்று. எம்பிக்கும் ஜிபிடபிள்யூவுக்கும் பாகங்கள் பொருந்தும், ஆனால் ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட் தலையில்கூட, எஃப் என்று பொறித்தது. வில்லிஸ் வண்டியில் அந்த போல்டுகளை மாட்டிவிட்டு ‘ஒரிஜினல்’ என்று சொல்ல முடியாது.

---

கார்ட்டர்539:

இன்ஜினைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் சிக்கல் அங்கேதான் அதிகம். போர்க்கால எல்-134 இன்ஜினில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) டைமிங் செயினில் ஓடும். போருக்குப் பிறகு வந்தவற்றில் கியருக்கு மாற்றினார்கள். முன்மூடியைக் கழற்றிப் பாருங்கள். கியர் இருந்தால் அது பிந்தைய இன்ஜின். கியரில் கேம்ஷாஃப்ட் எதிர்த்திசையில் சுற்றுவதால் ஆயில் பம்ப் கியரின் பல் சாய்வும் எதிராக இருக்கும். செயின் இன்ஜினுக்கு அந்தப் பம்ப் சேராது. ஆர்டர் செய்யும்போது இதைச் சொல்லாமல் விட்டு, தவறான பம்ப் வந்து சேருவது வழக்கமாக நடக்கிறது.

பிளாக்கில் எக்ஸாஸ்ட் வால்வ் இருக்கைக்கும் சிலிண்டருக்கும் நடுவே மயிரிழை விரிசல் வரும். கண்ணுக்குத் தெரியாது. கடைசலுக்குக் கொடுக்கும் முன்பே காந்தத் தூள் சோதனை செய்துவிடுங்கள், பிறகு கண்டுபிடித்தால் கூலி போச்சு.

அளவுகள்: வால்வ் இடைவெளி, இன்ஜின் ஆறியிருக்கும்போது 0.014 அங்குலம். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.020, ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.030 அங்குலம். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2.

கார்புரேட்டர் கார்ட்டர் டபிள்யூஓ 539எஸ். பழையது கிடைத்தால் விடாதீர்கள். ஐடிலிங் நிற்கவில்லை என்றால் ஜெட்டைக் குடைவார்கள். பெரும்பாலும் குற்றவாளி திராட்டில் ஷாஃப்ட். துளை தேய்ந்து காற்று உள்ளே இழுக்கும். புதிய கிட் போட்டாலும் அது சரியாகாது, துளையைப் பெரிதாக்கி புஷ் அடிக்க வேண்டும்.

---

ஆறுவோல்ட்:

12 வோல்ட்டை எடுத்துவிட்டு 6க்குத் திரும்புங்கள். ‘6 வோல்ட்டில் செல்ஃப் இழுக்காது’ என்று சொல்பவர்கள் பேட்டரி கேபிளைப் பார்ப்பதில்லை. அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு கரண்ட் ஓடும். இழப்பு அதே விகிதத்தில் இருக்க வேண்டுமானால் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்கு வேண்டும். 12 வோல்ட் வண்டிக்கான கேபிளை மாட்டினால் செல்ஃப் முனகத்தான் செய்யும். 00 கேஜ் கேபிள் போடுங்கள். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, எனவே இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் பின்னல் எர்த் பட்டை கட்டாயம். இரண்டு முனையிலும் பெயிண்டைச் சுரண்டி வெள்ளை உலோகம் தெரிய வேண்டும். நெகட்டிவ் எர்த்.

டைனமோவைக் கழற்றி மாட்டினால், இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் ரெகுலேட்டரில் பேட்டரி முனையையும் ஆர்மேச்சர் முனையையும் ஒரு வயரால் ஒரு நொடி தொட்டு எடுங்கள். தொடாமல் விட்டால் டைனமோ எதிர்த் துருவத்தில் எழுந்து ரெகுலேட்டரின் தொடுமுனைகள் பொசுங்கலாம்.

காயில், பல்புகள், பெட்ரோல் கேஜ் எல்லாம் 6 வோல்ட்டா என்று தனித்தனியாகப் பாருங்கள்.

---

துரு_சேஸிஸ்:

மிக்க நன்றி. பெட்ரோல் வாய் பக்கவாட்டில்தான், ஆக பாடி சிஜேதான். இன்னொரு கேள்வி: இடதுபக்கச் சக்கர நட்டுகள் அசையவே மாட்டேன் என்கின்றன. நீளக் குழாய் போட்டு இழுக்கலாமா?

---

மரைச்சாவி:

நிறுத்துங்கள்! இடதுபக்கம் இடதுமரை. வலப்புறமாகச் சுற்றினால்தான் கழலும். இழுத்தால் ஸ்டட் முறியும்.

ரிம் இரண்டு பாதியாக, 8 நட்டுகளில் பூட்டியதா? அப்படியானால் அந்த 8ஐயும் டயரில் காற்று இருக்கும்போது தொடவே கூடாது. வால்வ் ஊசியைக் கழற்றி, காற்று முழுதும் போய், டயரை அழுத்திப் பார்த்து உறுதி செய்த பிறகே நட்டில் ஸ்பேனர். ரிம் பாதி பறந்தால் ஆளைக் கொல்லும்.

---

கார்ட்டர்539:

டி-90 வலுவான பெட்டி, ஆனால் காலத்துக்குப் பொருந்தாது. போர்க்கால எம்பியில் வந்த டி-84தான் வேண்டும். அதில் 1ஆம் கியருக்கு சிங்க்ரோ (கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது, கரகரத்தால் பெட்டி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஜிஎல்-5 தர கியர் ஆயில் ஊற்றாதீர்கள், வெண்கல சிங்க்ரோ வளையங்களைத் தின்னக்கூடும். ஜிஎல்-4, 90 கிரேடு. கியர்பாக்ஸுக்கு ஏறத்தாழ 0.7 லிட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) 1.4, ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் 1.2.

டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் ஆயில் சீலை இப்போதே மாற்றுங்கள். கைபிரேக் டிரம் அதற்கு நேர் பின்னால் இருக்கிறது, கசியும் ஆயில் லைனிங்கில்தான் போய்ச் சேரும்.

---

தகடு_வெட்டி:

புது பாடி தேடும்போது தரையை மேலிருந்து பார்த்து ஏமாறாதீர்கள். அடியில் ஓடும் தொப்பி வடிவக் குறுக்குப் பட்டைகளுக்குள் மரக்கட்டை வைத்திருப்பார்கள். அது ஈரத்தை உறிஞ்சி உள்ளிருந்தே அரிக்கும். மேலே பெயிண்ட் பளபளக்கும்போது உள்ளே காகிதமாகியிருக்கும். சுத்தியலால் தட்டிக் கேளுங்கள், மொத்தையான சத்தம் வந்தால் பட்டை போய்விட்டது.

தரையை வெட்டும் முன் இரு பக்கச் சுவர்களுக்கும் நடுவே குறுக்குக் கம்பி வெல்டிங் செய்து இறுக்குங்கள். இல்லையென்றால் சுவர்கள் விரிந்து, போல்ட் துளைகள் சேஸிஸோடு ஒட்டாது. புது மரக்கட்டைக்கு எண்ணெய் ஏற்றி, பட்டையின் உட்புறம் துருத்தடுப்புப் பூச்சு அடித்த பிறகே பொருத்துங்கள்.